ஈறு நோயில் வைரஸ்கள்

பல்லைச் சுற்றியுள்ள ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும் நாள்பட அரிக்கப்படும் நோய் பல்சூழ்திசு அழற்சி. பேச்சுவழக்கில் ஈறு நோய் என்பர். பல்லின் மேல் படியும் பாக்டீரியாப் படலத்தில்தான் இது தொடங்குகிறது. நோயுற்ற ஈறுகளில் பாக்டீரியாக்களோடு வைரஸ்களும் உள்ளன. எவற்றைத் தொற்றுகின்றன என்பதைக் கொண்டு இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: மனித உயிரணுக்களைத் தொற்றுபவை, பாக்டீரியாக்களைத் தொற்றுபவை, வாயில் வாழும் அமீபாவைத் தொற்றுபவை.

வாழிடமும் மாதிரி எடுத்தலும்

நலமான ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். நோய் வளரும்போது ஈறு பல்லை விட்டு விலக, பள்ளம் 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழமாகி ‘ஈற்றுப்பை’ ஆகிறது. வெளியே படிந்த அழுக்கைத் துடைத்துவிட்டு, கிருமி நீக்கிய மெல்லிய காகிதக் குச்சியைப் பையின் அடிவரை செருகிச் சிறிது நேரம் வைத்திருப்பார்கள். அது உறிஞ்சும் திரவத்தில் பாக்டீரியா, வெள்ளணு, உதிர்ந்த மேற்றோல் உயிரணு, வைரஸ் எல்லாம் கலந்திருக்கும். வைரஸின் மரபுப்பொருள் மிகக் குறைவாகவே இருக்குமாதலால், பி.சி.ஆர். முறையில் பெருக்கி அடையாளம் காண்கிறார்கள்.

ஹெர்பிஸ் குடும்பம்

1990-களின் நடுவில், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் யோர்கன் ஸ்லாட்ஸ், அடால்ஃபோ கொன்ட்ரெராஸ் முதலியோர் ஈற்றுப்பைகளில், மனித உயிரணுக்களைத் தொற்றும் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் ஆகியவற்றைக் கண்டறிந்தனர். ஈறு அழுகிப் புண்ணாகும் கடும் நோயால் பாதிக்கப்பட்ட நைஜீரியக் குழந்தைகளிடமும் ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள் காணப்பட்டதை 1997-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது.

சைட்டோமெகலோ வைரஸ் பெருவிழுங்கணுக்களிலும் டி-அணுக்களிலும், எப்ஸ்டீன்-பார் வைரஸ் பி-அணுக்களிலும் குடியேறுகின்றன. காவல் செய்ய வேண்டிய அணுக்களே தொற்றுக்குள்ளாவதால் ஈற்றின் எதிர்ப்பு தளர்கிறது. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் பெருகுகின்றன. அப்போது பாக்டீரியாக்களின் கை ஓங்குகிறது என்பது ஸ்லாட்ஸ் முன்வைத்த கருதுகோள். எதிர்த்திசையிலும் உதவி நடக்கிறது. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்னும் ஈற்று பாக்டீரியா பியூட்ரிக் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலம் உறங்கிக்கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தட்டியெழுப்ப வல்லது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டினர்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்

வாயிலுள்ள வைரஸ்களில் பெரும்பாலானவை மனிதரைத் தொடுவதில்லை. அவை பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகும் ஃபேஜ்கள். சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு நோயுள்ளவர்களின் பற்படலத்தில் வாழும் ஃபேஜ் கூட்டம் நலமானவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தது. எந்த பாக்டீரியா பெருகும், எது அழியும் என்பதில் ஃபேஜ்களுக்குப் பங்குண்டு என்பதால், ஈறு நோயில் இவற்றின் இடம் கவனிக்கத்தக்கது.

ரெடொண்டோ வைரஸ்கள்

வட்ட வடிவச் சிறு டி.என்.ஏ. கொண்ட ரெடொண்டோ வைரஸ் குடும்பம் 2019-இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டது. ஈறு நோயாளிகளிடம் இது மிகுந்திருந்தது. சிகிச்சைக்குப் பின் குறைந்தது. எனவே இது மனிதரைத் தாக்கும் வைரஸாக இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் அதன் உண்மையான இருப்பிடம் என்டமீபா ஜிஞ்ஜிவாலிஸ் என்னும் வாய் அமீபா என்பதைச் சுட்டின. இந்த அமீபா ஈற்றுப்பைகளில் செழிப்பது; பை கூடினால் அமீபா கூடும், அமீபாவோடு வைரஸும் கூடும்.

காரணமா, உடனிருப்பா?

நோயுள்ள இடத்தில் ஒரு வைரஸ் கிடைத்தாலே அது நோயை உண்டாக்கியது ஆகாது என்பதை ரெடொண்டோ வைரஸ் தெளிவாக்குகிறது. ஹெர்பிஸ் வைரஸ்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உலகில் வளர்ந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சுமக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் எலும்பு கரைவதில்லை. அழற்சியுள்ள ஈற்றில் வெள்ளணுக்கள் குவிவதால், அவற்றோடு வைரஸும் வந்து சேர்ந்திருக்கலாம். வைரஸ் நோயைக் கூட்டுகிறதா, நோய் வைரஸைக் கூட்டுகிறதா என்பதை ஒரே முறை எடுத்த மாதிரியால் பிரித்தறிய முடியாது. ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளே அதற்கு விடை தர வல்லவை.

சிகிச்சை

வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் ஈறு நோயின் வழக்கமான சிகிச்சையில் இல்லை. பற்காரையையும் ஈற்றடியில் படிந்த படலத்தையும் பல் மருத்துவர் அகற்றுதல், நாள்தோறும் முறையாகப் பல் துலக்கிப் பல்லிடுக்குகளைத் துப்புரவு செய்தல், புகைபிடிப்பதை விடுதல், நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியவையே அடிப்படை. அழற்சி தணிந்து பை சுருங்கினால், வைரஸ் தங்கும் வெள்ளணுக்களும் பாக்டீரியாக்களும் அமீபாக்களும் அங்கே குறைகின்றன. ஆகவே, வைரஸின் பங்கு முழுதும் தெளிவாகும் முன்பே இச்சிகிச்சை பயன் தருகிறது.