தொம்போ ப்ரொப்பெல்லர்

தொம்போ ப்ரொப்பெல்லர் என்பது, எதிலாவது மோதினால் ஒடியாமல் வளைந்து, மறுபடி நிமிர்ந்து சுழலும் ட்ரோன் விசிறி. தட்டான்பூச்சியின் இறக்கையைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. ஜப்பானின் இஷிகாவா மாகாணத்திலுள்ள ஜப்பான் உயர் அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ஹோ அன் வான் தலைமையிலான குழு இதை உருவாக்கியது. விரிவான ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஜப்பானிய மொழியில் தட்டானுக்குத் தொம்போ என்று பெயர்.

வழக்கமான ட்ரோன் விசிறிகள் விறைப்பான பிளாஸ்டிக்கிலோ கார்பன் இழையிலோ செய்யப்படுகின்றன. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் விசிறி மரக்கிளையில் பட்டால் ஒடிகிறது, விரலில் பட்டால் வெட்டுகிறது. நான்கு விசிறிகளில் ஒன்று போனாலே ட்ரோன் நிலைகுலைந்துவிடும். சுற்றிலும் கூண்டு மாட்டலாம்தான். ஆனால் கூண்டின் எடையையும் சேர்த்தே தூக்க வேண்டும் என்பதால் பறக்கும் நேரம் குறையும்.

தட்டானுக்குக் கூண்டு கிடையாது. நாணலிலும் புதரிலும் உரசிக்கொண்டே அது பறக்கிறது. அதன் இறக்கையின் முன்விளிம்பை அடியிலிருந்து நுனிவரை கவனித்துப் பார்த்தால், நடுவழியில் ஒரு சிறு பள்ளம் தெரியும். தடித்த முன்நரம்பு அந்த இடத்தில் அறுந்ததுபோல் நின்று, பிறகு தொடர்கிறது. பூச்சியியலில் இதை நோடஸ் என்கிறார்கள். கணு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். இங்கே ரெசிலின் என்னும் ரப்பர் போன்ற புரதம் இருக்கிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கே வந்துவிடும். வெட்டுக்கிளியிலும் தட்டானிலும் இந்தப் புரதத்தை அடையாளங்கண்டு 1960-ல் அறிவித்தவர் டென்மார்க்கின் விலங்கியலாளர் டோர்கெல் வைஸ்-ஃபோ. கணு வளைந்துகொடுப்பதால் கண்ணாடித்தாள் போன்ற அந்த இறக்கை அடிபட்டும் கிழியாமல் தப்புகிறது.

தொம்போவில் எடுத்தாளப்பட்டிருப்பது இந்தக் கணுதான், இறக்கையின் உருவம் அல்ல. இதுவே இந்த வடிவமைப்பின் தேர்ந்த முடிவு. இறக்கை அடிக்கிறது, விசிறி சுழல்கிறது. உருவத்தை அப்படியே பிரதியெடுப்பதால் பெரிய பயன் இருந்திருக்காது. விசிறித் தகட்டின் உட்பகுதியும் வெளிப்பகுதியும் விறைப்பானவை. இரண்டுக்கும் இடையில் சிலிக்கோன் கணு, அதற்குள் தசைநார் போல் ஓடும் நைலான் இழைகள். மோதும்போது கணு மடங்குகிறது. மோதல் முடிந்ததும் கணுவின் மீள்தன்மையோடு சுழற்சியின் மையவிலக்கு விசையும் சேர்ந்து தகட்டை நேராக்குகிறது. அதே விசை வெளித்தகட்டைப் பிய்த்தெறிந்துவிடாமல் இழைகள் பிடித்துக்கொள்கின்றன.

கணு மிகவும் இளகினால் சுழலும்போதே தகடு முறுகி, மேலே தூக்கும் விசை குறையும். மிகவும் இறுகினால் பழைய விசிறிதான். அதனால் பல அமைப்புகளைச் செய்து, தூக்குவிசை, மோதல் விசை, மீளும் நேரம், இரைச்சல் எல்லாவற்றையும் குழுவினர் அளந்தார்கள். தொம்போவின் உச்ச மோதல் விசை, விறைப்பான விசிறியினுடையதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இது நல்ல குறைப்பு. ஆனாலும் சுழலும் விசிறிக்குள் விரலை விடலாம் என்று இதற்குப் பொருளல்ல.

தட்டான் இறக்கையிலிருந்து வேறு பாடம் கற்றவர்களும் உண்டு. அதன் குறுக்குவெட்டு வழவழப்பாக இல்லாமல் மடிப்பு மடிப்பாக இருக்கும். ஜப்பானியப் பொறியாளர் அகிரா ஒபாட்டா இந்த மடிப்பைச் சிறிய காற்றாலையில் கையாண்டார்.

தொம்போவுக்குத் திரும்பினால், விசிறி மீண்டால் மட்டும் போதாது. அது மடங்கிக் கிடக்கும் கணத்தில் ட்ரோன் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே மோதலுக்குப் பின் சமாளிக்கும் கட்டுப்பாட்டு முறையையும் குழுவினர் சேர்த்தே வடிவமைத்தார்கள். சோதனையில், நடுவானில் தடையில் மோதிய ட்ரோன் நிலையை மீட்டுக்கொண்டு தொடர்ந்து பறந்தது.