அரச கடனும் வரியின் பாரபட்சமும்: இலங்கைக் கலகங்கள் சில

கற்பிட்டிக்கு வடக்கே, மேற்கில் பெருங்கடலும் கிழக்கில் புத்தளம் களப்பும் நெருக்க, மணல்மேடாய் நீண்டு கிடக்கும் உச்சமுனையின் மீனவர், அரசு வாங்கிய கடன் எதற்கும் சம்மதம் கேட்கப்பட்டவர் அல்லர். ஆயினும் அக்கடனின் பாரம் முதலில் வந்து இறங்குவது இத்தகைய கரைகளிலேயே. கடன் ஒன்றே எந்த நாட்டிலும் பிரஜைகளைக் கிளர்ந்தெழச் செய்ததில்லை என்பதும், சுமக்க வல்லவனை விலக்கி, வல்லாதவன்மேல் சுமையை ஏற்றிய வரிமுறையே அதனைச் செய்தது என்பதும் என் துணிபு. அமெரிக்க யுத்தச் செலவால் கஜானா வறண்ட பிரான்சிலும், பிரபுக்கள் நிலவரியினின்று விலக்குப் பெற்றிருக்க, குடியானவனே அதனைச் செலுத்திவந்தான். 1789ஆம் ஆண்டுப் புரட்சி அங்கிருந்தே பிறந்தது.

இலங்கையில் இதன் முதல் உதாரணம் கரையோரத்திலேயே கிடைக்கிறது. 1796இல் ஒல்லாந்தரின் மாகாணங்களைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, படையெடுப்பின் செலவை அம்மாகாணங்களிலிருந்தே மீட்க விழைந்து, தென்னைக்கு மரவரி விதித்து, வசூலைக் குத்தகைக்கு விட்டு, உள்ளூர்த் தலைவர்களான முதலிமாரை ஒதுக்கிச் சென்னையிலிருந்து வரி அதிகாரிகளான அமில்தார்களை வரவழைத்தது. மறு ஆண்டே கலகம் மூண்டது. படை அதிகாரி டி மியூரன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் பின்னர் மரவரி கைவிடப்பட்டது.

1848ஆம் ஆண்டுக் கலகத்தின் வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. முந்திய ஆண்டில் கோப்பி விலை வீழ்ந்து, அரசாங்க வருமானம் சுருங்கியபோது, தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் நிர்வாகம் கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கித் தோட்ட முதலாளிகளின் மனம் குளிர்வித்து, அதனால் நேர்ந்த குறையைக் கிராமத்தவரிடம் ஈடுசெய்ய முற்பட்டது. துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங், நாய்க்கு ஒரு ஷில்லிங், கடைக்கு ஒரு பவுண். இவற்றோடு ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை, அல்லது அதற்கு ஈடாக மூன்று ஷில்லிங். காட்டுப்பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காத்து நின்றவை அந்தத் துப்பாக்கியும் நாயுமே; கிராமத்தான் உழைத்துப் போடவேண்டிய வீதியோ பெரும்பாலும் தோட்டத்துக் கோப்பியைத் துறைமுகம் சேர்ப்பதற்கு. இதனினும் வெளிப்படையான அநீதியைக் கற்பனை செய்தல் அரிது. ஜூலை தொடக்கத்தில் கண்டிக் கச்சேரியின் முன் ஜனங்கள் திரண்டு முறையிட்டனர். பிரெஞ்சு மக்கள் அவ்வாண்டு தம் அரசனை அகற்றியதை நினைவூட்டிய கடிதமொன்றைக் ‘கொலம்போ ஒப்சேர்வர்’ வெளியிட்டது. மாத இறுதியில் கலகத் தலைவர் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசராக முடிசூடினார். மாத்தளையும், புத்தளத்துக்கு அயலான குருநாகலும் தாக்கப்பட்டன. இராணுவச் சட்டத்தின் கீழ், கலகத் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாய் வரியும் கடை வரியும் பின்னர் ஒழிந்தன. வீதிச் சட்டமோ நிலைத்தது.

இதே பாரபட்சம் நம் காலத்திலும் திரும்பியது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, வருமான வரியும் தளர்த்தப்பட்டமையால் பெரிதும் ஆதாயம் அடைந்தவர் வசதி படைத்தோரே. வருமானம் வற்றிய அரசு 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஜூலை 9ஆம் நாள் மக்கள் ஜனாதிபதி மாளிகையுள் புகுந்தனர். நாட்டைவிட்டு வெளியேறிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 14ஆம் நாள் பதவி துறந்தார். அக்காலத்தில் உச்சமுனைக் கரையின் சிறு வள்ளங்களுக்கு நேர்ந்தது யாது? வள்ளத்தின் பின்புறம் பூட்டிய இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. எண்ணெய் கிடையாத நாளில் வள்ளம் மணலில் கிடக்கும், வலை உலர்ந்தபடி இருக்கும், வீட்டில் உலையும் ஏறாது. மானியத்தால் லீற்றர் 87 ரூபாயில் நின்ற அந்த எண்ணெய், ஆட்சி மாறிய அடுத்த மாதமே 340 ரூபாயாயிற்று. மானியத்தை நீக்குதல் வரியன்று எனப் பொருளியலார் கூறலாம். வலைக்காரனின் கைக்காசிலிருந்து போவதைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. சம்பளக்காரரின் வருமான வரி உயர்வு 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. மீனவனிடமோ ஆகஸ்டிலேயே வசூல் தொடங்கிவிட்டது.