வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள்: புதுக்கோட்டை மாவட்டம்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் போன்ற நிலைகளோடு பிறந்தவர்களும், குழந்தைப் பருவத்திலேயே அவற்றுக்கு ஆளானவர்களும் வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகள் எனப்படுகிறார்கள். படிப்பு, வேலை, சொத்து, வாக்கு, குடும்பம் ஆகிய எல்லாவற்றிலும் இவர்களுக்குள்ள உரிமையை இந்தியச் சட்டம் அவரவர் பெயரிலேயே தந்திருக்கிறது. ஆனால் புதுக்கோட்டை மாதிரியான ஒரு மாவட்டத்தில் அந்த உரிமை வீடு வந்து சேர்வதற்கு, பெரும்பாலும் ஒரு தாய் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது.

திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரிந்து 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கே 16,18,345 பேர் வாழ்ந்தார்கள். 12 வட்டங்கள், 13 ஊராட்சி ஒன்றியங்கள், 497 ஊராட்சிகள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மருத்துவக் குழு, திங்கட்கிழமை மனுநாள் எல்லாம் மாவட்டத் தலைநகரில். மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து வருபவருக்கு அறந்தாங்கி வழியாக அறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். வெள்ளைப் பலகை நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. அது பெரிய ஆறுதல்தான். என்றாலும் பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறுகிறவருக்கு டிக்கெட் காசு சிரமத்தின் ஒரு பகுதி மட்டுமே.

அலைச்சலின் முதல் கட்டம் சான்றிதழ். அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் எதுவும் இல்லை. அறிவுசார் குறைபாட்டை அளக்கும் இடத்தில் மரப்பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என வெட்டிய குழிகளில் அந்தந்த வடிவக் கட்டைகளைப் பொருத்தச் சொல்வார்கள். பிறகு தாயிடம் கேள்விகள்: பிள்ளை தானே பொத்தான் போடுகிறதா, தம்ளரைப் பிடித்துக் குடிக்கிறதா, அக்கம்பக்கத்துக்குத் தனியாகப் போய் வருகிறதா? அமெரிக்காவில் எட்கர் டால் உருவாக்கிய வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலை நாக்பூரில் ஏ. ஜே. மாலின் இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். அதுதான் இந்தக் கேள்விகளின் மூலம். 2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல் வகுத்த கணக்கின்படி, இந்த அளவுகோலில் 55 முதல் 69 வரை எடுத்தால் 50 சதவீதக் குறைபாடு; 36 முதல் 54 என்றால் 75; 21 முதல் 35 என்றால் 90; 20 அல்லது அதற்குக் கீழ் 100. 70 முதல் 84 வரை எடுக்கும் பிள்ளைக்கு 25 சதவீதம்தான். அரசுச் சலுகைகளின் வாசல் 40 சதவீதத்தில் இருப்பதால் அந்தப் பிள்ளை வெளியே நிற்கும். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாடத்திலும் தோற்கும் பிள்ளைகளில் பலர் இந்த எல்லைக்கோட்டுக்காரர்கள்.

அளவுகோலுக்குப் பிடிபடாததும் உண்டு. முப்பது ஆட்டையும் தனித்தனியாக அடையாளம் கண்டு பட்டிக்கு ஓட்டி வரத் தெரிந்த பையன், மரக்கட்டையை நட்சத்திரக் குழியில் பொருத்தத் தெரியாமல் விழிக்கலாம். சான்றிதழுக்காகத் தாய் பிள்ளையின் இயலாமைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது இந்த ஏற்பாட்டின் கசப்பான பக்கம்.

சட்டங்கள் வந்த வரிசையைப் பார்த்தால் இவர்கள் எவ்வளவு தாமதமாகக் கண்ணில் பட்டார்கள் என்பது தெரியும். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றது; ஆட்டிசம் அதில் இல்லை. அதே ஆண்டில் பெற்றோர் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பான ‘பரிவார்’ உருவானது. ‘எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?’ என்ற பெற்றோரின் கேள்விக்குப் பதிலாக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது அது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1இல் ஏற்றுறுதி செய்தது. அதன் தொடர்ச்சியாக 21 வகைக் குறைபாடுகளை உள்ளடக்கிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி ஆகியவை அதில் உண்டு. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் ‘லூசு’ என்று கூப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

குறைபாடு முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளி மேடையில் ஒருவர் அப்படிப் பேசியபோது, பார்வை மாற்றுத்திறனாளியான தமிழாசிரியர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். பேசியவர் கைதானார்.

சேர்த்துக்கொள்வதில் புதுக்கோட்டைக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் படிக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் முத்துலட்சுமி ரெட்டிக்கு இடம் கொடுத்தார். ஆனாலும் மாணவர் கண்ணில் படாதபடி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவர் பாடம் கேட்டார். இன்று பல பள்ளிகளில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் நிலையும் கிட்டத்தட்ட இதுவே. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பாடம் அந்தப் பக்கம் திரும்பாது. தொடக்கநிலையில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டில் ஒன்றிய வள மையத்திலிருந்து ஒரு சிறப்புப் பயிற்றுநர் பள்ளி பள்ளியாகச் சுற்றி வருவதுதான் பழகிய ஏற்பாடு. அவர் வராத நாட்களில் அந்தப் பிள்ளைக்கு வகுப்பாசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் உள்ளடக்கிய கல்வியின் உண்மை நிலவரம் தெரியும்.

பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி. சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். அங்கே பாடம் எழுத்திலிருந்து தொடங்குவதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குக் கஞ்சியை நீர்க்கக் கொடுத்தால் புரையேறக்கூடும். சற்றுக் கெட்டியாக, நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் லேசாக முன்னே வைத்து ஊட்ட வேண்டும். படுக்கவைத்து ஊட்டியே பழகிய வீட்டில் இந்த ஒரு மாற்றம் குழந்தையின் நெஞ்சுச் சளித் தொல்லையைக் குறைக்கக்கூடும். கெண்டைக்கால் தசையை நீட்டிவிடும் பயிற்சியைத் தினமும் செய்யாவிட்டால் கால் இறுகிப்போகும். மருத்துவர் வருவது என்றோ ஒரு நாள். தினமும் செய்கிறவர் அம்மாவும் ஆயாவும்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது தொடங்கிய அறிவொளி இயக்கம், கல்குவாரிப் பெண்களையும் விவசாயக் கூலிப் பெண்களையும் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் வைத்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதால் நாடே அறிந்தது. கற்பவர் தேடி வரட்டும் என்று காத்திராமல் தெருவுக்குப் போனதுதான் அதன் பலம். மாற்றுத்திறனாளிகள் துறையில் அதே வழியைத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கடைப்பிடிக்கிறது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, சின்னக் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து வீட்டிலேயே சிகிச்சை தர அது வழி செய்தது. உலக வங்கி 2022இல் 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்த தமிழ்நாடு உரிமைகள் திட்டமும், அதன் ‘விழுதுகள்’ சேவை மையங்களும் இந்தத் திசையிலேயே போகின்றன: சிகிச்சையை உட்கோட்ட, வட்டார அளவுக்கு இறக்குவது, வாகனத்திலேயே கொண்டுபோவது. தூரத்தைக் குறைக்கிற திட்டம் எதுவோ அதுவே இங்கே பயன்படும்.

பணம் பற்றிய கணக்கு சுருக்கமானது. அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கும் கடும் பாதிப்பு உடையவர்களுக்கும் மாநில அரசு தரும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். பக்கத்து மாநிலமான ஆந்திரம் 2024இல் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்தை 6,000 ஆக்கியது. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தன் போராட்டங்களில் அண்டை மாநிலத் தொகைகளைச் சுட்டிக்காட்டித்தான் உயர்வு கேட்டு வருகிறது. பாதுகாப்போரையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட அமைப்பு அது. பிள்ளையை விட்டு வேலைக்குப் போக முடியாத தாயின் இழந்த கூலியும் இந்தக் கணக்கில் வர வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது.

அவர்களுக்காகப் பிறர் பேசுவது ஒன்று. அவர்களே பேசுவது வேறு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள சேலத்தில் (நம்மூர்ச் சேலம் அல்ல) 1974இல், புதுக்கோட்டை மாவட்டம் பிறந்த அதே ஆண்டில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே கூடி ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் நாங்கள் மனிதர்கள் என்பதே பெயரின் பொருள். இந்தியாவில் அவர்களின் விருப்பத்துக்கு நீதிமன்றம் காது கொடுத்த முக்கியமான தருணம் 2009இல் வந்தது. சண்டிகர் காப்பகத்தில் பாலியல் வன்முறையால் கருவுற்ற, லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண், அந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். அவர் சம்மதமில்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதமின்றிக் கருத்தடை செய்யக்கூடாது என்பதை 2016ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. வாக்குரிமையும் அப்படித்தான்: சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று உரிய நீதிமன்றமே அறிவித்தாலொழிய, இந்தக் காரணத்தைச் சொல்லி வாக்காளர் பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை அடிக்க முடியாது.

உள்ளாட்சியிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினராக வருவார். புதுக்கோட்டையில் மட்டும் 497 பேர். இந்த நியமனங்களுக்குக் கை, கால் பாதிப்புடையவர்களும் பார்வையற்றவர்களும் முன்வருவார்கள். நெடுங்காலம் போராடியவர்கள் அவர்கள், அது நியாயமே. ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஓர் இளைஞர், துணைக்கு ஒருவருடன், ஊராட்சி மன்றத்தில் உட்காரலாம் என்று எவருக்காவது தோன்றுமா?

பதினெட்டு வயது ஆனதும் அடுத்த அலைச்சல் ஆரம்பம். வங்கிக் கணக்கு, வாரிசுச் சொத்து என்று போகும் இடங்களில் பாதுகாவலர் சான்று கேட்பார்கள். அதை வழங்குவது மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகிய மூவர் கொண்ட உள்ளூர் நிலைக் குழு. நீதிமன்றம் போகத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியும் இந்தச் சான்றை ஏற்கச் சொல்லியிருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாவலர் கையில் முழுப் பொறுப்பையும் கொடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, சம்பந்தப்பட்டவரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரையே ஏற்கிறது. இரண்டையும் ஒன்றாக வாசிக்கும் பழக்கம் அலுவலகங்களுக்கு இன்னும் வரவில்லை. பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ சொத்தைச் சுருட்டினாலோ, பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ மனுக் கொடுத்து அவரை நீக்கக் கேட்கலாம்.