மர்வு நகரத்துப் பூட்டுத் தொழிலாளி

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழி நம் நாட்டில் எல்லாருடைய நாவிலும் இருக்கிறது. சிறு பிள்ளைகளைத் திருத்துவதற்காக எழுந்த மொழி அது. அதையே பெரியவர்கள் தங்களுக்குச் சாக்காக எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. கடல் கடந்து போய், கடை வைத்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவரிடம் ஒரு நூலை நீட்டினால், "இனிமேல் எனக்கென்ன ஓதலும் படிப்பும்? பிள்ளைகள் படிக்கட்டும்" என்கிறார். என் இளமையில், கொழும்பில் வணிகம் செய்து திரும்பிய பெரியவர் ஒருவர், அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் சிறுவர்களோடு அமர்ந்து கிதாபு ஓதத் தொடங்கினார். சிறுவர்கள் சிரிக்கவில்லை, அவருடைய வயதொத்தவர்களே சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். மர்வு நகரத்துப் பூட்டுத் தொழிலாளியின் வரலாற்றை அன்று யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது எண்ணுகிறேன்.

மர்வு, இன்றைய துருக்மெனிஸ்தான் நாட்டில் முர்காபு ஆற்றின் நீரால் வளம் பெற்றிருந்த பழம்பெரும் நகரம். நிஷாப்பூர், ஹிராத்து, பல்கு ஆகியவற்றோடு சேர்த்துக் குராசானின் நாற்பெரும் நகரங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அங்கே அப்துல்லாஹ் இப்னு அஹ்மது என்பவர் பூட்டுச் செய்து விற்றுப் பிழைத்து வந்தார். அபூபக்ரு என்பது அவருடைய குன்யத்துப் பெயர். அரபியில் பூட்டுக்குக் 'குஃப்லு' என்று பெயர். பூட்டுச் செய்பவர் 'கஃப்பால்'. ஆகவே ஊரார் அவரைக் கஃப்பால் என்றே அழைத்தனர். (கிதாபு ஓதியவர்கள் இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி 365இல் மறைந்த கஃப்பால் ஷாஷீ என்னும் மூத்த இமாம் ஒருவர் உண்டு. நாம் பேசுவது அவரைப் பற்றியன்று.)

இவர் ஓதப் புறப்பட்ட காரணத்தை யாகூத் ஹமவீ தம் ஊர்ப்பெயர் அகராதியில் மர்வு நகரைப் பற்றி எழுதுமிடத்தில் சொல்கிறார். ஷாஷீ எனப்பட்ட கைவினைஞர் ஒருவர், சாவியும் சேர்த்து ஒரு தானக்கு எடையே உள்ள பூட்டு ஒன்றைச் செய்தாராம். தானக்கு என்பது ஒரு திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்கு. அந்தப் பூட்டைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. நம்மவர் அதில் நாலில் ஒரு பங்கு எடையில் ஒரு பூட்டைச் செய்து காட்டினார். பார்த்தவர்கள் மெச்சினார்களே அன்றிப் பேர் ஒன்றும் பரவவில்லை. "எதற்கும் ஒரு யோகம் வேண்டும் போலும்" என்று அவர் மனம் நொந்து பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், பேர் நிலைப்பது கல்வியினால்தான், பூட்டினால் அன்று என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் உள்ளே தைத்தது. பட்டறையை விட்டிறங்கி, மர்வில் இருந்த ஓர் ஆசிரியரிடம் போய் அமர்ந்தார்.

புகழாசையில் புறப்பட்டவர் என்பதை நூலாசிரியர் மறைக்கவில்லை. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய இடங்களைப் பூசி மெழுகிவிடுவதுண்டு. யாகூத் அப்படிச் செய்யாததனால்தான் இந்த வரலாறு நமக்கு நெருக்கமாக இருக்கிறது.

முதல் நாள் ஆசிரியர், இமாம் முஸனீ எழுதிய சுருக்க நூலின் தொடக்கத்தை ஓதிக் கொடுத்தார். மூன்றே சொற்கள். கஃப்பால் வீட்டு மாடிக்கு ஏறி, இரவெல்லாம் அந்த மூன்று சொற்களையே திரும்பத் திரும்ப உருப்போட்டார். விடியும் வேளையில் கண் அயர்ந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் மூன்றும் மறந்துபோயின! உஸ்தாதின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கலங்கியவாறு கீழே இறங்கி வந்தவரை, அண்டை வீட்டுப் பெண்மணி வழிமறித்து, "இராத்திரி முழுவதும் எங்களைத் தூங்கவிடாமல் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தீரே!" என்று கடிந்து, அந்தச் சொற்களை அப்படியே திருப்பிச் சொன்னார். அவருடைய வாயிலிருந்து தம் பாடத்தை மீட்டுக்கொண்டு கஃப்பால் ஆசிரியரிடம் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஆசிரியர் சிரித்து அனுப்பிவிடவில்லை. இதனால் மனம் தளர வேண்டாம், விடாமல் மனனம் செய்துவந்தால் அதுவே பழக்கமாகிவிடும் என்று தேற்றினார்.

அந்தப் பெண்மணியின் பெயரை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. ஒரு பெரும் இமாமுக்கு முதல் பாடத்தை இரண்டாம் முறை ஓதிக் கொடுத்தவர் அவரே.

அப்போது கஃப்பாலுக்கு வயது என்ன? யாகூத், நாற்பது என்கிறார். அறியாமையில் நாற்பதும் அறிவில் நாற்பதுமாக எண்பது ஆண்டு வாழ்ந்தார் என்பது அவருடைய கணக்கு. இமாம் தஹபீயோ, முப்பதில் கல்விக்குத் திரும்பித் தொண்ணூறு வயது வாழ்ந்தார் என்று எழுதுகிறார். மறைந்த ஆண்டு ஹிஜ்ரி 417 (கி.பி. 1026) என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. நாற்பதும் நாற்பதும் என்று கணக்கு அவ்வளவு அழகாக முடிவதே எனக்கு ஐயத்தைத் தருகிறது. முப்பது என்பதையே ஏற்கத் தோன்றுகிறது. முப்பதும் அந்நாளில் சிறு வயதன்று. மற்றவர்கள் ஓதி முடித்து ஓதிக் கொடுக்கத் தொடங்கிவிடும் வயது அது.

பின்னாளில் அவரைச் சுற்றி அமர்ந்தவர்களைப் பார்த்தால்தான் அந்த மூன்று சொற்களின் பெறுமானம் விளங்கும். காழீ ஹுசைன், அபூ அலீ சின்ஜீ, அபூ முஹம்மது ஜுவைனீ ஆகியோர் அவருடைய மாணவர்கள். ஷாபிஈ மத்ஹபில் குராசானியர் வழி என்று கூறப்படும் ஆய்வு முறை அவருடைய பாட அவையில்தான் உருப்பெற்றது. ஜுவைனீயின் மகனார் இமாமுல் ஹரமைன். அவருடைய மாணவர் இமாம் கஸ்ஸாலீ. அந்த வழியில் வந்த சட்டக் கருவூலத்தை இமாம் ராபிஈ திரட்டித் தந்தார். ராபிஈயின் 'முஹர்ரர்' நூலைச் சுருக்கி இமாம் நவவீ 'மின்ஹாஜ்' எழுதினார். கடல் வழியே அக்கல்வி மலபாருக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் 'ஃபத்ஹுல் முயீன்' இயற்றினார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அந்நூலை விரித்து வைத்து ஓதிய மாணவர்கள், அந்த நீண்ட சங்கிலியின் ஒரு கண்ணியில் இரும்பு இராவிய கை ஒன்று இருப்பதை அறிந்திருந்தார்களோ, என்னவோ!

உழைப்பாளி ஒருவர் கல்வியை எப்படி வாங்கினார் என்பதற்கு பக்தாதில் இன்னொரு சான்று உண்டு. ஹிஜ்ரி 311இல் (கி.பி. 923) மறைந்த ஸஜ்ஜாஜ் என்னும் இலக்கண மேதை கண்ணாடி தேய்க்கும் தொழிலாளியாக இருந்தவர், பெயரே அத்தொழிலைச் சொல்லும். இலக்கணம் படிக்க ஆசைப்பட்டு முபர்ரதிடம் போனார். முபர்ரது இலவசமாகக் கற்பிப்பவர் அல்லர். அதற்காக நாணியவரும் அல்லர். "உன் வரும்படி என்ன?" என்று கேட்டார். நாளுக்கு ஒன்றரைத் திர்ஹம் அளவு கிடைக்கும். அதில் ஒரு திர்ஹத்தை அன்றாடம் தருகிறேன், நீங்கள் எனக்குக் கற்பிப்பதில் குறை வைக்கக் கூடாது, மரணம் நம்மைப் பிரிக்கும்வரை தருவேன் என்றார் ஸஜ்ஜாஜ். மூன்றில் இரண்டு பங்கு கூலி கல்விக்கு! வாக்கை அவர் காப்பாற்றினார். அமைச்சர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியராகிச் செல்வம் வந்த பிறகும் முபர்ரதுக்குச் சேரவேண்டியது போய்க்கொண்டே இருந்தது.

ஏழு காரீகளில் ஒருவரான கிஸாயீயும் வயது வந்த பின்னரே இலக்கணம் படித்தார் என்பர். நடந்து களைத்து வந்தவர், களைப்பைச் சொல்லத் தவறான சொல்லை ஆண்டுவிட்டார். உடனிருந்தோர் இகழவே, அன்றே ஆசிரியரைத் தேடி எழுந்துபோனாராம். ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்மு, தொழுகையின் ஒரு சிறு சட்டம் தெரியாமல் பள்ளிவாசலில் நாணி, இருபத்தாறாம் வயதில் பிக்ஹு ஓதத் தொடங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. இதை நான் அப்படியே நம்புவதற்கில்லை; அவர் பதினைந்து பதினாறு வயதிலேயே ஹதீஸ் கேட்டவர் என்பதற்குக் குறிப்பு இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அக்காலத்து ஆலிம்களில் மிகப் பெரும்பாலோர் சிறு வயதிலேயே ஓதத் தொடங்கியவர்கள். பிந்தி வந்தவர்கள் சிலரே. அதனால்தான் குறித்து வைத்தார்கள். ஆனால் அந்தச் சிலருக்குத் தடை போட ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. பள்ளிவாசலில் வட்டமாக அமர்ந்த அவைக்கு வயது வரம்பு கிடையாது. இஜாஸத்து என்னும் அனுமதியை ஆசிரியர் தாமே மாணவருக்கு நேரில் கொடுத்தார். ஒரு நூலை ஓதிக் கேட்டவர்களின் பெயர்களை ஏட்டின் ஓரத்தில் எழுதி வைத்தபோது, சிறுவர்களும் பெண்களும் தொழிலாளரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர். நம் நாளில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை (அது 2002இல் தோன்றியது) வயது கடந்தவர்களுக்குக் கதவு திறந்திருக்கின்றன என்பது உண்மை. பக்கத்தில் அமர இடம் விடும் மனிதர்களை எந்தப் பல்கலைக்கழகம் தரும்?

கஃப்பாலின் கதையை நமக்குத் தந்த யாகூத்தும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. சிறு வயதில் ரோம நாட்டிலிருந்து சிறைப்பிடிக்கப்பட்டு பக்தாதில் விற்கப்பட்டார். வாங்கிய வணிகருக்கு எழுத்து சரியாக வராது. கணக்கு எழுத ஆள் வேண்டும் என்பதற்காக அடிமைச் சிறுவனை ஓத வைத்தார். விடுதலை பெற்ற யாகூத், கூலிக்கு நூல்களைப் படியெடுத்தார். சரக்கோடு ஊர் ஊராகச் சென்றார். நாற்பதை நெருங்கிய வயதில் மர்வுக்கு வந்தவரை அந்நகரத்து நூலகங்கள் கட்டிப்போட்டுவிட்டன. வக்ஃபு செய்யப்பட்ட பத்து நூலகங்கள் அங்கே இருந்ததாக எழுதுகிறார். அவற்றுள் அஸீஸிய்யாவில் மட்டும் ஏறத்தாழ 12,000 ஏடுகள். அதை நிறுவியவர் முன்னாளில் மர்வுக் கடைத்தெருவில் பழமும் நறுமணத் தழையும் விற்றவர்; பின்னர் சுல்தான் சன்ஜரின் பானப் பொறுப்பாளராக உயர்ந்தவர். ஊர் பேர் தெரியாத வணிகரான யாகூத்தின் வீட்டில் எந்நேரமும் இருநூறு ஏடுகள் இரவலாக இருந்தன. பெரும்பாலும் ஈடு கேட்காமலே கொடுத்தார்கள். நம் வீடுகளில் ஒரு நூலை இரவல் கேட்டால் நாம் காட்டும் முகத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

அவர் தொகுத்த அறிஞர் வரலாற்று அகராதியில் அல்பிரூனியின் இறுதி நாள் பற்றிய குறிப்பு ஒன்று உள்ளது. அல்பிரூனி கி.பி. 1017இல் கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அதன் பிறகே சமஸ்கிருதத்தில் ஊன்றி, நம் நாட்டு வானநூலார் முன் மாணவராக நின்று, 1030இல் இந்தியா பற்றிய பெருநூலை முடித்தார். மூச்சுத் திணறிக் கிடந்த வேளையில் தம்மைப் பார்க்க வந்த சட்ட அறிஞரிடம், முன்பொரு நாள் பேசிய பாட்டிமார் பாகம் பற்றிய பராயிளுச் சட்டத்தை மீண்டும் விளக்கச் சொன்னார். "இந்த நிலையிலா?" என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேல் அல்லவா என்று கேட்டார் அல்பிரூனி. அவர் விளக்க, இவர் திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டார். விடைபெற்ற அறிஞர் தெருவில் நடக்கும்போதே, வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

யாகூத் ஹிஜ்ரி 616இல் மங்கோலியர் வருமுன் மர்வை விட்டு ஓடினார். 618இல் (கி.பி. 1221) அந்நகரமும் அதன் ஏடுகளும் அழிந்தன. கையில் ஒன்றுமின்றி மோசுல் வந்து சேர்ந்தவர், பின்னர் ஹலபு நகரில் தங்கி அகராதியை எழுதினார். ஹிஜ்ரி 626இல் (கி.பி. 1229) ஹலபுக்கு வெளியே ஒரு வழிப்போக்கர் சத்திரத்தில் மறைந்தார். தம்மிடம் இருந்த நூல்களை பக்தாதில் ஒரு பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்திருந்தார். வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் அவற்றைப் பொறுப்பேற்றுக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.