உடையின் வடிவமும் உரிமையும்: தென்திருவிதாங்கூர்த் தோள்சீலைப் போராட்டம்

முன்னுரை

1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தன. அங்கு நாடார் பெண்கள் நிகழ்த்திய தோள்சீலைப் போராட்டம் மானம் காக்கும் போராட்டமாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆயின் அரசாணைகளை வரிசைப்படுத்தி நோக்கினால், உடலை மறைப்பதா என்பதைவிட எவ்வடிவ உடையால் மறைப்பது என்பதே சிக்கலின் மையமாக இருந்தமை புலப்படும்.

குப்பாயமும் தோள்சீலையும்

உயர்ந்தோர் முன்னிலையில் மேலாடையை விலக்குவதே மரியாதை எனக் கருதப்பட்ட சமூகம் அது. நாயர் பெண்களும் அவ்வழக்கிற்கு விலக்கல்லர். எனவே தோளின்மேல் இடும் சீலை நாணத்தின் அடையாளமாக அன்றி, சாதிப்படிநிலையின் அடையாளமாகவே விளங்கியது.

1814-ஆம் ஆண்டு ஆணை, கிறித்தவ நாடார் பெண்கள் சிரியக் கிறித்தவர், மாப்பிள்ளைமார் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம் என்றது. நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை அணிவதைத் தடுத்தது. குப்பாயம் தைத்த சட்டை. மிஷனரிகளின் மனைவியர் அதனைப் பரப்பினர். அது உடலை மறைத்தது. அணிந்தவரின் சாதியை மறைக்கவில்லை. பெண்கள் குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் அணிந்தமைக்குக் காரணம் இதுவே. சந்தையிலும் தெருவிலும் அச்சீலைகள் கிழித்தெறியப்பட்டன. 1829-இல் அரசு மீண்டும் தோள்சீலையைத் தடைசெய்தது. பெண்கள் அதனைக் கைவிடவில்லை.

1859 ஆணை

1858-59-இல் வன்முறை பெருகியது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் திருவிதாங்கூர் அரசை வற்புறுத்தினார். 1859 ஜூலை 26-இல் வெளியான ஆணை, சமயவேறுபாடின்றி நாடார் பெண்கள் அனைவரும் குப்பாயமோ, முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணியோ அணியலாம் என்றது. உயர்சாதிப் பெண்களின் உடைமுறையை அப்போதும் விலக்கியது. துணியின் தரத்தையும் அணியும் முறையையும் அரசே வரையறுத்தது.

கல்மாலை ஒப்பீடு

1915-இல் கொல்லத்தை அடுத்த பெரினாட்டில், அய்யன்காளி முன்னெடுத்த இயக்கத்தில் புலையர் பெண்கள் சாதி அடையாளமான கல்மாலைகளைக் கழற்றி எறிந்தனர். ஓரிடத்தில் அணிதல், மற்றோரிடத்தில் களைதல். செயல்கள் முரண்படினும் நோக்கம் ஒன்றே: தம் உடலில் எது இருத்தல் வேண்டும் என்பதைத் தாமே முடிவுசெய்தல்.

முடிவுரை

மானம் மட்டுமே நோக்கமாயின் போராட்டம் 1814-இலேயே நிறைவுற்றிருக்கும். குப்பாயம் கிடைத்த பின்னரும் அது தொடர்ந்தமை, அரசும் திருச்சபையும் வகுத்தளித்த பெண்மையைக் கடந்து, பெண்கள் தம் தோற்றத்தைத் தாமே வரையறுக்க முனைந்ததைக் காட்டுகிறது. மானம் என்னும் சொல்லுக்குள் அதனை அடக்குவது, அப்பெண்கள் கோரிய சமத்துவத்தை மறைத்துவிடும்.