விரியும் வானம் – 7: காணாமல் போன பத்தி

கணக்கில் குற்றமில்லை, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டைன் முகத்துக்கு நேரே சொன்னதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1927 அக்டோபர், பிரஸ்ஸல்ஸ். அந்தத் தீர்ப்பைக் கேட்டும் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர் விடவில்லை. டாக்சியில் கூடவே ஏறிக்கொண்டு, நெபுலாக்கள் (இன்று நாம் விண்மீன் மண்டலங்கள் என்பவை) விலகியோடும் வேகங்களைப் பற்றிப் பேச்செடுத்தார். ஐன்ஸ்டைனுக்கு அந்த அளவீடுகளே தெரியாதுபோல் பட்டது அவருக்கு.

தெரிந்திருக்க வழியும் குறைவு. பிரபஞ்சம் விரிகிறது என்ற லெமைத்ரின் கட்டுரை பிரெஞ்சில், பிரஸ்ஸல்ஸ் அறிவியல் கழகத்தின் இதழில் வந்திருந்தது. வானியலாளர்கள் அதிகம் புரட்டாத இதழ் அது. அதற்குள் இருந்ததோ பெரிய விஷயம். 42 நெபுலாக்களின் வேகத்தையும் தூரத்தையும் எடுத்துக்கொண்டு, விரிவின் வேகத்தையே அவர் கணக்கிட்டிருந்தார்: ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும், விநாடிக்கு 625 கிலோமீட்டர்.

1929இல் அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் ஆய்வகத்திலிருந்து எட்வின் ஹபிள் கட்டுரை வெளியிட்டார். தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறது என்பதை 24 நெபுலாக்களை வைத்துக் காட்டியிருந்தார். அவருடைய எண் ஏறக்குறைய 500. பிரபஞ்சம் விரிகிறது என்று ஹபிள் அதில் அறிவிக்கவில்லை. ஆனாலும் உலகம் அவரைத்தான் திரும்பிப் பார்த்தது.

1930 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டம். அசையாத பிரபஞ்சமும் சரிவரவில்லை, வானியலாளர் டி சிட்டர் முன்வைத்த, பொருளே இல்லாத வெற்றுப் பிரபஞ்சமும் சரிவரவில்லை. வேறு வழி என்ன என்று வானியலாளர் எடிங்டன் கேட்டார். கூட்ட அறிக்கை அச்சாகி லெமைத்ரின் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் தனக்குப் பாடம் சொன்ன அதே எடிங்டன்! 'நீங்கள் தேடும் விடையை மூன்று வருடம் முன்பே எழுதிவிட்டேனே' என்ற பொருளில் உடனே கடிதம் போட்டார். அந்தக் கட்டுரை தன் கைக்கு முன்பே வந்ததை அடியோடு மறந்திருந்த எடிங்டன், கூச்சத்தோடு கடிதத்தைக் காட்டியதாக அவருடைய மாணவர் மக்விட்டி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

எடிங்டன் பிராயச்சித்தம் தேடினார். 'நேச்சர்' இதழில் லெமைத்ரின் பெயரைச் சொன்னார். டி சிட்டருக்கும் கட்டுரையை அனுப்பினார். சில மாதங்களில் லெமைத்ர் புகழ் பெற்றார். 1931 மார்ச்சில் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. இனி முதல் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கே இடமில்லை அல்லவா?

இருந்தது. பிரெஞ்சு மூலத்தையும் ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திடுக்கிடும். 42 நெபுலாக்களைக் கொண்டு 625ஐக் கணக்கிட்ட பத்தி ஆங்கிலத்தில் இல்லை. அதையொட்டிய நீண்ட அடிக்குறிப்பும் இல்லை. கிடைத்த தரவுகளை ஆராய்ந்து இந்த மதிப்பை எடுத்துக்கொள்கிறோம் என்ற ஒற்றை வரிதான் அந்த இடத்தில் நின்றது. மொழிபெயர்த்தவர் பெயரும் அச்சாகவில்லை. ஆங்கிலம் மட்டும் படித்தவர்களுக்கு, விரிவை முதலில் அளந்தவர் ஹபிள்தான்.

வெட்டியது யார்? பின்னாளில் சந்தேகம் முதலில் ஹபிள் பக்கம் திரும்பியது. காரணம் இருந்தது: வேகத்துக்கும் தூரத்துக்குமான உறவு மவுன்ட் வில்சனின் சாதனை, அது அப்படியே அங்கீகரிக்கப்பட வேண்டும் என்று 1930 ஆகஸ்டில் டி சிட்டருக்கு அவர் காட்டமாகவே எழுதியிருந்தார். அடுத்த சந்தேகம் இதழை நடத்தியவர்கள் மேல். எடிங்டன் பெயரும் அடிபட்டது.

ஆனால் லண்டனில் கழகத்தின் பழைய ஆவணங்களுக்கிடையே, 1931 மார்ச் 9 தேதியிட்ட ஒரு கடிதம் 80 ஆண்டுகளாகக் காத்திருந்தது. 2011இல் வானியற்பியலாளர் மாரியோ லிவியோ அதைத் தேடி எடுத்தார். வெட்டியவரே கையெழுத்திட்ட கடிதம் அது. கீழே இருந்த பெயர் ஹபிளும் அல்ல, எடிங்டனும் அல்ல.

(தொடரும்)