ஃபோர்சைத் கவுண்டி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே, லேனியர் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள கவுண்டி. தலைநகர் கம்மிங்.

இது செரோக்கி மக்களின் நிலம். அருகே தங்கம் கிடைத்ததும், ஜார்ஜியா அரசு 1832இல் அந்நிலத்தை அளந்து குலுக்கல் முறையில் வெள்ளையருக்குப் பங்கிட்டது. கவுண்டி உருவானதும் அவ்வாண்டே. மண்ணுக்கு உரியவர்கள் 1838இல் மேற்கே துரத்தப்பட்டனர்.

கவுண்டியின் வரலாற்றில் முதன்மையானது 1912இன் வெளியேற்றம். அந்தச் செப்டம்பரில் ஒரு வெள்ளையினப் பெண் தாக்கப்பட்டு, பின்னர் இறந்தார். சந்தேகத்தின் பேரில் சிறையிலிருந்த ராப் எட்வர்ட்ஸை ஒரு கும்பல் இழுத்துவந்து கொன்றது. கறுப்பினச் சிறுவர் இருவர் அவசர விசாரணைக்குப் பின் அக்டோபர் 25 அன்று தூக்கிலிடப்பட்டனர். இரவில் குதிரைகளில் வந்தவர்கள் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் தீ வைத்தனர். 1910 கணக்கெடுப்பில் 1,098 பேராக இருந்த கறுப்பின மக்களில் ஏறக்குறைய அனைவரும் சில வாரங்களில் வெளியேறினர். சிலர் நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றனர். விற்க முடியாதோர் விட்டுப்போனதை அக்கம்பக்கத்தார் வரி கட்டித் தமதாக்கிக்கொண்டனர். இது அபகரிப்பே. முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 1987 ஜனவரியில் இங்கு நடந்த முதல் சமத்துவப் பேரணி கல்லெறியால் கலைந்தது. அடுத்த வாரம் குடிமை உரிமைத் தலைவர் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் சுமார் 20,000 பேர் கம்மிங்கில் நடந்தனர்.

வெள்ளத் தடுப்பு, மின்சாரம் ஆகியவற்றுக்காகச் சட்டஹூச்சி ஆற்றில் ராணுவப் பொறியாளர் படை கட்டிய பியூஃபர்ட் அணையால் 1956 முதல் நிரம்பியதே லேனியர் ஏரி. படகோட்டமும் மீன்பிடிப்பும் பின்னர் பெருகின. கரை முழுவதும் கூட்டரசின் சொத்து. ஏரி வீடு வாங்கியவரின் மனை தண்ணீருக்கு முன்பே முடிந்துவிடும். இடையிலுள்ள மரத்தை வெட்டவும் மிதவைத் துறை கட்டவும் அனுமதி வேண்டும். முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,071 அடி. 2007 வறட்சியில் அது ஏறத்தாழ 20 அடி இறங்க, படகுத்துறைகள் பல சேற்றில் அமர்ந்தன. ஏரியின் தண்ணீருக்காக அலபாமாவும் ஃப்ளோரிடாவும் ஜார்ஜியாவோடு நெடுங்காலம் வழக்காடின.

1990இல் 44,083 ஆக இருந்த மக்கள்தொகை, அட்லாண்டாவோடு இணைக்கும் 400ஆம் எண் நெடுஞ்சாலையின் துணையால் 2020இல் 2,51,283 ஆனது. தெற்குப் பகுதியில் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன.